மொரீஷியஸ் நாட்குறிப்பு: நாலு மொழியில் எழுதும் தீவு

திங்கள், போர்ட் லூயிஸ்

இந்தப் பயணத்துக்காக எழுதி வைத்த பட்டியலில் ஒவ்வொரு ஊருக்குப் பக்கத்திலும் ஒரு புத்தகத்தின் பெயர் இருக்கிறது. அந்தப் புத்தகங்கள் காட்டிய வழியில்தான் இங்கே சுற்றப்போகிறேன்.

மொரீஷியஸ் சின்ன நாடு. ரோட்ரிக்ஸ் தீவையும் சேர்த்தால் பரப்பு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 12 லட்சத்துக்குச் சற்று மேல். அதற்குள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும், பிரெஞ்சிலிருந்து இங்கே உருவான கிரியோல் மொழியிலும் நாவல், கவிதை, நாடகம் என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1715இல் பிடித்த தீவை ஆங்கிலேயர் 1810இல் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சரணடைந்தவர்கள் தங்கள் மொழியையும் பழக்கவழக்கங்களையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். அதனால் இன்றும் பள்ளிப்பாடம் ஆங்கிலத்தில், செய்தித்தாள் பிரெஞ்சில், வீட்டிலும் சந்தையிலும் கிரியோல். சாமி கும்பிடும்போது தமிழோ தெலுங்கோ இந்தியோ. இங்கே ஒருவர் எந்த மொழியில் எழுதுகிறார் என்று பார்த்தாலே யாரிடம் பேச விரும்புகிறார் என்பது பாதி புரிந்துவிடுகிறது.

ரூபாய் நோட்டில் தமிழ் இருப்பதைப் பல தமிழ்ப் பயணிகள் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நானும் எடுத்தேன். 1998இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது இங்குள்ள தமிழர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. எழுத்து எந்த வரிசையில் வருகிறது என்பதற்காகத் தெருவில் இறங்கும் ஊரில் இலக்கியம் எப்படிச் சும்மா இருக்கும்!

மதியம் துறைமுகத்தை ஒட்டிய 'ஆப்ரவாசி காட்' என்ற பழைய குடியேற்றப் படித்துறைக்குப் போனேன். அடிமை முறை இங்கே 1835 பிப்ரவரி 1இல் சட்டப்படி ஒழிந்தது. கரும்புக்கு ஆள் வேண்டும் என்று அதற்கு முன்பே ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். 1834 நவம்பர் 2இல் 'அட்லஸ்' கப்பல் வந்தது. அப்புறம் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து சுமார் நாலரை லட்சம் பேர் வந்து இறங்கினார்கள். பாரதி கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்துக் கலங்கியது பிஜியை வைத்து. ஆனால் அந்த முறையை ஆங்கிலேய அரசு முதலில் சோதித்துப் பார்த்தது இந்தத் தீவில்தான். இங்கே சரிப்பட்டு வந்த பிறகுதான் கரீபியனுக்கும் பிஜிக்கும் கொண்டுபோனார்கள்.

கரையிலிருந்து மேலே ஏற 16 கல் படிகள். அவற்றில் ஏறி வந்தவர்கள் இரண்டு நாள் கொட்டகையில் தங்கி, பெயரும் எண்ணும் பதிந்துகொண்டு தோட்டங்களுக்குப் போனார்கள். 2006இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. படிகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். இதே துறைமுகத்துக்கு 1841இல் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் வந்திருக்கிறார். ஓர் அழகிய சீமாட்டிக்குக் கவிதை எழுதி அனுப்பியிருக்கிறார். 1888இல் கப்பல் தலைவராக ஜோசப் கான்ராட் வந்து, பிறகு கதையாக்கினார். 1896இல் மார்க் ட்வைன் வந்தார். சொர்க்கமே மொரீஷியஸைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று அவர் சொன்னதாகச் சுற்றுலாத் தாள்கள் எல்லாவற்றிலும் அச்சிடுகிறார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் பெருமையடித்ததாகத்தான் அவர் அதை எழுதினார். இவர்கள் எல்லோரும் வந்து போன காலத்தில் இந்தப் படிகளில் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் கதையை அவர்கள் பேரப்பிள்ளைகள் எழுத வேண்டியிருந்தது.

செவ்வாய், பூத்ர் தோர்

வட கிழக்கில் சின்ன மீனவர் கிராமம். பஸ்ஸில் பாம்ப்லமூஸ் வழியாக வந்தேன். அங்குள்ள தாவரவியல் பூங்காவின் பெரிய அல்லி இலைகளைப் பார்த்துவிட்டு சீக்கிரம் கிளம்பிவிட்டேன். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இந்தக் கரைக்கு எதிரே 1744 ஆகஸ்ட் 17இல் 'சேன் ஜெரான்' என்ற கப்பல் பவளப்பாறையில் மோதி உடைந்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒன்பது பேர்தான் பிழைத்தார்கள். அந்த விபத்தை வைத்து பெர்னார்தென் த சேன்-பியேர் 1788இல் எழுதிய நாவல்தான் 'போலும் விர்ஜினியும்'. தீவில் ஒன்றாக வளர்ந்த போல், விர்ஜினி என்று இரண்டு பிள்ளைகள். பிரான்சுக்கு அனுப்பப்பட்ட பெண் திரும்பி வரும்போது கரையின் கண்ணெதிரே கப்பல் உடைகிறது. உடையைக் களைந்தால் நீந்திப் பிழைக்கலாம் என்று மாலுமி கெஞ்சியும் நாணத்தால் மறுத்து அவள் மூழ்குகிறாள். ஐரோப்பா முழுவதும் இதைப் படித்து அழுதது. இந்தத் தீவின் பெயர் உலக இலக்கியத்தில் ஏறியது இந்தக் கண்ணீரால்தான். கரையில் 1944இல் வைத்த நினைவுத்தூண் நிற்கிறது.

நாவலை மறுபடி படித்துக்கொண்டுதான் வந்தேன். ஒரு காட்சி என்னை விடவே இல்லை. தோட்டத்திலிருந்து தப்பி ஓடிவந்த அடிமைப் பெண் ஒருத்தி, பட்டினியால் எலும்பும் தோலுமாக, விர்ஜினியின் காலில் வந்து விழுகிறாள். பிள்ளைகள் சோறு கொடுக்கிறார்கள். அப்புறம் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மன்னித்துவிடும்படி கேட்பதற்காக அவளை அவள் எஜமானனிடமே திரும்ப அழைத்துப் போகிறார்கள். அவன் விர்ஜினியின் அழகைப் பார்த்து மன்னித்தேன் என்கிறான். இவர்கள் கிளம்பிய பிறகு அந்தப் பெண்ணைச் சங்கிலியில் கட்டி, கழுத்தில் கொக்கி வைத்த வளையத்தை மாட்டிவிடுகிறான். கதை சில வரி வருத்தப்பட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மேலே போய்விடுகிறது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் கூடக் கிடையாது. இத்தனைக்கும் ஆசிரியர் அறியாதவர் இல்லை. 1768 முதல் 1770 வரை இங்கே வேலை பார்த்து, அடிமைகள் படும் கொடுமையை 1773இல் வெளியிட்ட பயண நூலில் கண்டித்து எழுதியவர். தெரிந்தவர் கையிலேயே அந்தப் பெண் இப்படி நழுவிப் போனாள்.

இதே கிராமத்தின் பெயரில் இன்னொரு நாவல் இருக்கிறது. நத்தாஷா அப்பானா 2003இல் எழுதிய 'பூத்ர் தோர் பாறைகள்'. மஹேபூரில் 1973இல் பிறந்தவர், தெலுங்கு வழிவந்த குடும்பம். 1892இல் இந்தியாவிலிருந்து புறப்படும் ஆட்களைப் பற்றிய கதை. சீட்டாட்டத்தில் பணத்தை விட்ட பத்ரி, சகோதரனிடம் போய்ச் சேரத் துடிக்கும் வைத்தி, விதவைக்கு விதித்த சிதையிலிருந்து தப்பிய கங்கா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஓடிவர ஒரு காரணம். மொரீஷியஸில் பாறையைப் புரட்டினால் அடியில் தங்கம் கிடைக்கும் என்று ஆள்பிடிப்பவர்கள் சொன்னதை நம்பிக் கப்பல் ஏறுகிறார்கள். பாதி நாவல் கப்பலின் அடித்தளத்திலேயே நடக்கிறது. ஒரே ஊர், இரண்டு கப்பல். முதல் கப்பலுக்குக் கரையில் தூண் இருக்கிறது. இரண்டாவதற்கு இந்தப் புத்தகம். எழுதியவர் 30 வயதில் எழுதிய முதல் நாவல் என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

புதன், கூர்பிப்

மெட்ரோ ரயிலில் ஏறினால் போர்ட் லூயிஸின் வெயிலிலிருந்து கூர்பிப்பின் தூறலுக்கு வந்துவிடலாம். மேட்டுநிலம், எப்போதும் மேகம். நான் வந்தது மல்கோம் த ஷஸால் என்ற எழுத்தாளருக்காக.

1902இல் வாக்கோவாவில் பிறந்தார், 1981இல் இறந்தார். கரும்பு முதலாளிகள் வகுப்பைச் சேர்ந்த பழைய பிரெஞ்சுக் குடும்பம். அமெரிக்காவின் லூசியானாவில் சர்க்கரைத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தார். கொஞ்ச நாள் ஆலை வேலை, அப்புறம் அரசு உத்தியோகம். ஒருநாள் கூர்பிப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது ஓர் அசேலியா பூ தன்னைப் பார்ப்பதைப் பார்த்ததாகச் சொன்னார். நாம் பூவைப் பார்ப்பது இருக்கட்டும், பூ நம்மைப் பார்க்கிறது. அந்த ஒரு கணத்திலிருந்துதான் தன் எழுத்து எல்லாம் பிறந்தது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளூர் அச்சகத்தில் சொந்தச் செலவில் அச்சடித்து, 1947இல் 'சான்ஸ் பிளாஸ்தீக்' என்ற நூலைப் பாரிஸ் எழுத்தாளர்களுக்குத் தபாலில் அனுப்பினார். சர்ரியலிஸக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் கொண்டாடினார். விமர்சகர் ழான் போலான் முன்னுரை எழுத, அடுத்த வருடமே கலிமார் பதிப்பகம் வெளியிட்டது. நிறம், மணம், உடல், ஒளி பற்றி இரண்டு மூன்று வரியில் முடியும் துணுக்குகள், ஆயிரக்கணக்கில். ஒரே மூச்சில் படிக்க முடியாது. பத்து படித்தால் மூடி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டியிருக்கும்.

பாரிஸில் புகழ் வந்தாலும் இங்கே அவருடைய சொந்த வகுப்பார் அவரைக் கிறுக்கர் என்றே நினைத்தார்கள். பதிலுக்கு அவர் 1951இல் 'பெத்ருஸ்மோக்' எழுதினார். இந்த நாட்டில் விளைபவை கரும்பும் பாரபட்சமும் என்று அதில் அவர் எழுதியது தீவில் எல்லோருக்கும் மனப்பாடம். கரும்புக் குடும்பத்துப் பிள்ளை இதை எழுதியதால்தான் அதற்கு இவ்வளவு கனம் என்று நினைக்கிறேன்.

அந்த நூலின் மையம் மலைகள். இத்தீவின் மலைகள் எல்லாம் லெமூரியா காலத்து ராட்சதர்கள் செதுக்கியவை என்று அவர் கண்டார். தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்வார்கள்! ஆமாம், அதே லெமூரியாதான். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே வகை விலங்குகளின் தடயம் எப்படி வந்தது என்று விளக்க பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் 1864இல் ஊகித்த நிலம் அது. நம் பக்கத்தில் அது குமரிக்கண்டத்தோடு சேர்ந்து வேறு வாழ்க்கை வாழ்ந்தது. இந்தப் பக்கம் ரீயூனியன் தீவைச் சேர்ந்த ழூல் எர்மான் மலைகளில் உருவங்களைக் கண்டு லெமூரியா பற்றி எழுதி வைத்தார். அவர் காலத்துக்குப் பின் 1927இல் புத்தகமாக வந்தது. அது மொரீஷியஸ் கவிஞர்களைப் பிடித்துக்கொண்டது. கடலில் மூழ்கிய ஒரே கற்பனை நிலத்தை இந்தியப் பெருங்கடலின் இரண்டு கரைகளிலும் தங்கள் ஆதித் தாய்நாடாக நினைத்திருக்கிறார்கள், ஒருவரைப் பற்றி ஒருவர் பெரிதாகத் தெரியாமலே.

2013இல் இங்குள்ள கடற்கரை மணலிலும், 2017இல் எரிமலைப் பாறையிலும் தீவின் வயதைவிடப் பல மடங்கு பழைய சிர்கான் என்ற கனிமத்தின் துகள்களை ஆய்வாளர்கள் கண்டார்கள். சில சுமார் 300 கோடி ஆண்டுப் பழமை. அடியில் ஒரு தொல்நிலத்தின் துண்டு இருக்கிறது, 'மொரீஷியா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ராட்சதர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டு முன்பே உடைந்த நிலம் அது. இருந்தாலும் அந்தச் செய்தியைப் படித்தபோது ஷஸால் உயிரோடு இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

சாயங்காலம் மேகம் கொஞ்சம் விலகியதும் ரயிலில் திரும்பினேன். வழியில் பீட்டர் போத் மலை தெரிந்தது. உச்சியில் உருண்டையாக ஒரு பாறை, தோளுக்கு மேல் தலை வைத்த மாதிரி. அவரைப் படித்த பிறகு அதை வெறும் மலையாகப் பார்க்க முடியவில்லை.

வியாழன், சூயாக்

நாள் முழுக்க மழை. தெற்குக் கோடியில் சூயாக். இங்கே கடலைத் தடுக்கப் பவளப்பாறை அரண் இல்லை. அலை நேராகக் குன்றில் வந்து அறைகிறது. ரொபேர்-எட்வர்ட் ஹார்ட் (1891–1954) கடைசிக் காலத்தில் வாழ்ந்து இறந்த பவளக்கல் வீடு இப்போது அருங்காட்சியகம். ஷஸாலுக்கு முந்திய தலைமுறையின் பெரிய கவிஞர், நூலகராக வேலை பார்த்தவர். லெமூரியா அவரையும் பிடித்திருந்தது. ஒரு மேசை, சில கையெழுத்துத் தாள்கள், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல். மென்மையான கவிதைகள்தான், ஆனால் என்னை அவ்வளவாக அசைக்கவில்லை. அந்த வீடு அசைத்தது.

வெள்ளி, த்ரியோலே – மோக்கா

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாவை எல்லோரும் 'தாந்தின்' என்கிறார்கள். வயதில் மூத்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். காலையில் தேவாரம் பாடுகிறார். பார்த்துப் பாடும் நோட்டில் வரிகள் ரோமன் எழுத்தில் இருக்கின்றன. என்னோடு பேசுவது ஆங்கிலமும் கொஞ்சம் தமிழும் கலந்து. மற்றபடி அவர் உலகம் கிரியோல். காலைப் பலகாரம் 'கத்தோ பிமான்' என்றார். வாயில் போட்டதும் தெரிந்தது, அது நம் பருப்பு வடை, மிளகாய் போட்டுச் சின்னதாக உருட்டியது.

த்ரியோலே வடக்கில் நீண்டு கிடக்கும் பெரிய கிராமம். அபிமன்யு அனத் 1937இல் பிறந்தது இங்கேதான். இந்தி ஆசிரியர், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வரும் 'வசந்த்' இதழுக்கு ஆசிரியராக இருந்தவர், நாவல், கவிதை, நாடகம் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதி 2018இல் மறைந்தார். அவருடைய 'லால் பசீனா' 1977இல் வந்தது. கரும்புத் தோட்டத்தில் சாட்டையடி வாங்கிய முதல் தலைமுறையின் கதையை அந்தத் தோட்டத்து வாரிசே எழுதிய பெரும் நாவல். என்னோடு வந்திருக்கும் தோழிக்கு இந்தி நன்றாகத் தெரியும். பஸ்ஸில் எனக்குச் சில பக்கங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கரும்பு வெட்டும் கையின் வலியை இவ்வளவு பொறுமையாக எழுத, அது பாட்டன் வாயிலிருந்து கேட்ட வலியாக இருக்க வேண்டும்.

அவர் இந்தியில் எழுதியதால் வாசகர்கள் பெரும்பாலும் இந்தியாவில். சொந்தத் தீவில் பிரெஞ்சு படிப்பவர்கள் அவரைப் படிக்க 2001 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போது வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதியவர் லெ கிளேசியோ, 2008இல் நோபல் பெற்றவர். அவர் முன்னோர் இதே மோக்காவில் 'யூரேக்கா' என்ற பெரிய மர மாளிகையில் வாழ்ந்தவர்கள். இந்தியக் கூலிகளைக் கொள்ளைநோய்க்குப் பயந்து கரைக்கு எதிரே உள்ள சிறு தீவில் இறக்கி அடைத்துவைத்த கதையை அவரே 1995இல் 'தனிமைக்காவல்' என்ற நாவலில் எழுதியிருக்கிறார். மாளிகையின் வாரிசு, கூலியின் வாரிசு எழுதிய நாவலுக்கு முன்னுரை எழுதினார். மத்தியானம் யூரேக்காவின் தாழ்வாரத்தில் நின்றபோது மலையையும் அருவியையும்விட இதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஸ்டிட்யூட்டின் ஆவணக்காப்பகத்தில் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகளும் புகைப்படங்களும் இருக்கின்றன. 1867 சட்டப்படி கூலி கையில் வைத்திருக்க வேண்டிய சீட்டில் படம் ஒட்டியிருக்க வேண்டும். போலீஸ் பிடிப்பதற்காக எடுத்த படங்கள்தான் இன்று பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஒரே முகம். அப்பானா தன் முன்னோரைப் பற்றி 2023இல் எழுதிய நூலும் இப்படிப்பட்ட காகிதங்களில் இருந்துதான் ஆரம்பிக்கிறது.

சனி, ரோஸ் ஹில் – போ பாசான்

ரோஸ் ஹில் சந்தையில் நின்று, பருப்பு வைத்த 'தோல் பூரி' சாப்பிட்டோம். சுற்றிலும் கேட்டது கிரியோல் மட்டும்தான். இந்த மொழியை 'உடைந்த பிரெஞ்சு' என்று தள்ளிவைத்த காலத்தில் அதுதான் நாட்டின் மொழி என்று பிடிவாதமாக எழுதியவர் தேவ் வீராசாமி (1942–2023). எடின்பரோவில் மொழியியல் படித்தபோதே கிரியோலை ஆய்வுப் பொருளாக எடுத்தார். 1969இல் எம்.எம்.எம். (மொரீஷியஸ் போராளி இயக்கம்) என்ற இடதுசாரிக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1970இல் இடைத்தேர்தலில் ஜெயித்தார். அப்புறம் சிறைக்கும் போனார். அவருடைய 'லி' நாடகத்தை இங்கே மேடையேற்றத் தடை. அதே நாடகம் 1981இல் பிரெஞ்சு வானொலியின் பரிசு வாங்கியது.

1991இல் எழுதிய 'தூஃபான்' என் மனசுக்கு நெருக்கமானது. ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்'டை எடுத்து இந்தத் தீவில் வைக்கிறார். மூலத்தில் கலிபான் அடிமை, அரை மிருகம். இங்கே அவன் கலப்பினத்தவன், கெட்டிக்காரன், வேலை தெரிந்தவன். ராஜகுமாரனை மணந்துகொள் என்று அப்பா சொல்ல, மகள் கலிபானைத் தேர்ந்தெடுக்கிறாள். அப்பாவின் மந்திரம் அதற்கு மேல் செல்லுபடியாகவில்லை. இதை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதியிருந்தால் ஷேக்ஸ்பியருக்கு ஒரு மறுப்பாக நின்றிருக்கும். கிரியோலில் எழுதியதால் அந்தச் சந்தையில் நிற்கிறவர்களும் பார்க்கும் நாடகமாயிற்று. கிரியோலுக்கு முழு அகராதி 2009இல் வந்தது, அர்னோ கார்ப்பூரான் தொகுத்தது. தொடக்கப் பள்ளிகளில் விருப்பப் பாடமாக 2012இல் நுழைந்தது. அதற்கு நாற்பது வருடம் முன்பே எழுத ஆரம்பித்தவர் இவர்.

பக்கத்து ஊர் போ பாசானில் பழைய சிறை இருக்கிறது. நாஜிகளிடமிருந்து தப்பிப் பாலஸ்தீனம் போன யூதர்களை ஆங்கிலேயர் ஹைஃபாவில் இறங்க விடாமல், சுமார் 1,580 பேரை 1940 டிசம்பரில் இங்கே கொண்டுவந்து 1945 வரை அடைத்து வைத்தார்கள். தீவில் பலருக்கே இது தெரியாமல் இருந்தது. அப்பானாவின் 'கடைசிச் சகோதரன்' (2007) இதை ஒரு சிறுவனின் கண்ணால் சொல்கிறது. ராஜ், கரும்புத் தோட்டத்துப் பிள்ளை. ஒரே நாளில் இரண்டு சகோதரர்களை வெள்ளத்துக்குக் கொடுத்தவன். அப்பா சிறைக்காவலர், வீட்டில் அடிக்கிறவர். கம்பி வேலிக்கு உள்ளே டேவிட் என்ற வெளுத்த சிறுவன். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கூடச் சரியாகக் கிடையாது, பள்ளியில் கற்ற அரைகுறை பிரெஞ்சைத் தவிர. கிழவனான ராஜ் டேவிட்டின் கல்லறைக்கு வருவதிலிருந்து நாவல் தொடங்குகிறது. சேன் மார்த்தான் கல்லறைத் தோட்டத்தில் அந்த யூதர்களின் வரிசை தனியாக இருக்கிறது. எழுத்துகளைத் தடவிப் பார்த்தேன். பெயர்களை வாசித்துக்கொண்டே போனபோது தோழி அழுதுவிட்டார். அவர் இன்னும் நாவலைப் படிக்கவில்லை.

ஞாயிறு, லெ மோர்ன்

தென்மேற்கு முனையில் கடலோரம் செங்குத்தாக நிற்கும் மலை. தப்பிய அடிமைகள் இதன் உச்சியில் ஒளிந்து வாழ்ந்தார்கள். விடுதலைச் செய்தி சொல்ல வந்த சிப்பாய்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து உச்சியிலிருந்து குதித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அடிவாரத்தில் ரிஷார் செட்லி அஸோன் என்ற கவிஞரின் வரிகளைப் பொறித்திருக்கிறார்கள், சங்கிலியைவிடச் சாவின் முத்தத்தைத் தேர்ந்தவர்கள் என் மக்கள் என்று. வரும் வழியில் கறுப்பு நதி வட்டாரம். நாவலில் விர்ஜினி அந்த அடிமைப் பெண்ணை எஜமானனிடம் திரும்ப அழைத்துப்போனது இங்கேதான்.

திங்கள், மறுபடி போர்ட் லூயிஸ்

நாளை காலை விமானம். இன்று முழுக்க நகரத்தில் நடந்தேன்.

ஆனந்தா தேவியை வைத்துத்தான் எனக்கு இந்தத் தீவின் இலக்கியமே அறிமுகம். 1957இல் தெற்கே கரும்புக்காட்டு ஊரான த்ருவா பூத்தீக்கில் பிறந்தவர், வீட்டில் தெலுங்குப் பின்னணி, மானிடவியலில் முனைவர் பட்டம், எழுதுவது பிரெஞ்சில். 'இடிபாடுகளின் ஏவ்' 2006இல் வந்தது. போர்ட் லூயிஸின் ஓரத்தில் த்ரூமாரோன் என்ற கற்பனைக் குடியிருப்பு. மூடிப்போன ஆடைத் தொழிற்சாலை, வேலையில்லாத ஆண்கள், ஏவ், சவீதா, சாத், கிளேலியோ என்ற நாலு இளம் குரல்கள். பதினேழு வயது ஏவ் தன் உடலைப் பண்டமாற்றாக்கி அதிலிருந்து வெளியேறப் பார்க்கிறாள். சாத் பிரெஞ்சுக் கவிஞர் ரேம்போவைப் படித்துவிட்டுத் தன் அறைச் சுவரில் கவிதை எழுதுகிறான். ஹோட்டல் விளம்பரத்தில் வரும் மொரீஷியஸ் அந்த நாவலில் ஒரு வரிகூட இல்லை. இத்தனை கொடுமையையும் இவ்வளவு அழகான வாக்கியத்தில் எழுதலாமா என்று முதல் வாசிப்பில் தயங்கினேன். இப்போது தயக்கம் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அழகாக யோசிக்கத் தெரியும் என்று காட்டுவதுதான் அவருடைய நோக்கம். 2024இல் அவருக்கு நியூஸ்டாட் சர்வதேச இலக்கியப் பரிசு கிடைத்தது.

லிண்ட்சே காலன் தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கே வாழ்பவர். சீதா என்ற போராளிப் பெண்ணைப் பற்றி 1993இல் எழுதிய ஆங்கில நாவல் மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று உடனே தடையானது. அடுத்த வருடம் அதற்குக் காமன்வெல்த் பரிசு. அவர் கிரியோலிலும் எழுதுகிறார், தொழிலாளர்களுக்கு எழுத்தறிவிக்கும் இயக்கத்தில் இருக்கிறார்.

கடைசியாகத் துறைமுகம். ஷெனாஸ் படேலின் 'சாகோஸின் மௌனம்' (2005) இந்தக் கரையில்தான் தொடங்குகிறது. சாகோஸ் தீவுக்கூட்டத்தை 1965இல் பிரிட்டன் மொரீஷியஸிலிருந்து பிரித்தெடுத்து, தியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைக்க 1968 முதல் 1973 வரை அங்கிருந்த மக்களை எல்லாம் அகற்றியது. இங்கே இறக்கிவிடப்பட்டவர்கள் நகரத்தின் சேரிகளில் ஒதுங்கினார்கள். நாவலில் ஷார்லேசியா என்ற பெண் ஊர் திரும்பும் கப்பலுக்காகத் துறைமுகத்தில் வந்து நின்றுகொண்டே இருக்கிறாள். தேசிரே என்ற பையன் அந்த வெளியேற்றத்தின்போது 'நோர்ட்வேர்' கப்பலிலேயே பிறந்தவன். அந்தப் பெயரே பட்டப்பெயராக ஒட்டிக்கொள்கிறது. தீவைப் பிரித்தது சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 2019இல் கருத்துச் சொன்னது. பதினாலு வருடம் முன்பே படேல் அந்த மக்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிவிட்டார்.

எதில் ஆரம்பிப்பது என்று எழுதிக் கேட்டவர்களுக்கு: 'கடைசிச் சகோதரன்' முதலில். ஆங்கிலத்தில் கிடைக்கிறது, இரண்டு ராத்திரியில் முடித்துவிடலாம். அப்புறம் தேவியின் ஏவ். சாகோஸ் நாவலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஷஸாலை மட்டும் அவசரப்படாமல், தினம் ஒரு பக்கம். இந்தி தெரிந்தவர்கள் 'லால் பசீனா'வை விடாதீர்கள். தமிழில் கொண்டுவர யாராவது நினைத்தால் நான் முதலில் கேட்பது அதைத்தான். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்களின் கதையும் அதற்குள் இருக்கிறது.

கிரியோல் அகராதியை வாங்கிக்கொண்டேன். தாந்தினிடம் காட்டியபோது மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேட ஆரம்பித்தார். ராத்திரிச் சாப்பாடு தாமதமாகிவிட்டது.